அண்ணி பறித்த துளசி

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டவை இரண்டு செடிகள்: துளசியும் திருநீற்றுப்பச்சிலையும். பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். இலையைக் கசக்கி மூக்கில் வைத்தால்தான் வேறு வேறு என்று தெரியும். இலையிலிருந்து எண்ணெயை ஆவியில் இறக்கி, எதில் எந்த வாசனைப் பொருள் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். துளசியில் தூக்கலாக இருந்தது யூஜெனால், அதாவது கிராம்பின் வாசனை. திருநீற்றுப்பச்சிலையில் லினலூல். தேயிலை மணத்திலும் இந்த லினலூல் உண்டு என்று படித்த அன்று, வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

இரண்டையும் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரே பாத்தியில் வளர்த்தேன். திருநீற்றுப்பச்சிலையை நானே மூன்று பைகளில் பறித்தேன். துளசி தழைப்பதற்குள் லீவு முடிந்துவிட்டதால் அதை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு கெம்பஸுக்குத் திரும்பினேன். அண்ணி பதினாறு வருடமாகத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். சொன்னபடி மூன்று பைகளில் பறித்து, நிழலில் உலர்த்தி, அண்ணனிடம் கொடுத்தனுப்பினார்.

முடிவு வந்ததும் நான் துள்ளிக் குதித்தேன். துளசியின் மூன்று பைகளும் அச்சாக ஒத்துப்போயின. திருநீற்றுப்பச்சிலை பைக்குப் பை வேறு கதை சொன்னது. பெரிய மேதாவி போல எழுதினேன்: துளசி நிலையான செடி, மற்றது இயல்பிலேயே மாறுகிற செடி. ஆய்வை மேற்பார்த்த மிஸ் அதைப் படித்துவிட்டு, “இரண்டையும் பறித்தது ஒருவர்தானா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரே கை பறித்த இலையில் திரும்பச் செய்யாமல் அந்த அத்தியாயத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை, பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கையில் இருந்தது ஐந்தே வாரம்.

அந்தச் சனிக்கிழமையே ஊருக்கு ஓடினேன்.

“துளசிய எப்படிப் பறிச்சீங்க அண்ணி? அப்படியே செஞ்சு காட்டுங்க.”

அண்ணி பாத்தியில் இறங்கினார். நுனியும் அதன் கீழே இரண்டு இலையும், அவ்வளவுதான். என்னோடு பேசிக்கொண்டே கிள்ளினார். கை நிறைந்ததும் தானாகத் தோளுக்குப் பின்னால் போனது. முதுகில் கூடை இல்லை என்று உறைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கீழ இருக்க முத்தல் எலைய ஏன் தொடல?”

“முத்தல போட்டா கங்காணிகிட்ட யாரு பேச்சு வாங்குறது? கை அதுவா தள்ளிருது.”

லயத்தில் பிறந்தும் நான் ஒரு நாள்கூட கொழுந்து பறித்தவள் அல்ல. திருநீற்றுப்பச்சிலையைத் தண்டைப் பிடித்து மேலிருந்து கீழே உருவியிருந்தேன். தளிர், முற்றல், பழுப்பு எல்லாம் சேர்ந்து வந்திருந்தன. தளிரின் எண்ணெய் வேறு, முற்றிய இலையின் எண்ணெய் வேறு. மாறியது செடி அல்ல, என் கை. ஒரு பாவமும் அறியாத செடியின் மேல் பழியைப் போட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

அண்ணியின் முகம் வாடிவிட்டது. “நான் பறிச்சது தப்பாயிருச்சா புள்ள? என்னால ஒன் படிப்பு கெட்டுப்போச்சா?”

“தப்பு பண்ணது நான் அண்ணி. நீங்க இல்ல.”

மறுநாள் ஞாயிறு, வாரத்தில் அவருக்கு இருக்கிற ஒரே ஓய்வு நாள். துவைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு இரண்டு செடியிலும் மும்மூன்று பை பறித்துக் கொடுத்தார். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டு, “நீ சும்மா இரு தாயே” என்றார். ஒரு பையைக் கவிழ்த்து இலை இலையாகப் பார்த்தேன். ஒரு முற்றல்கூட இல்லை. நாள் முழுக்க அளவுக் கருவிகளோடு கிடக்கிறவள் நான். இப்படி ஒரு துல்லியத்தை அதுவரை கண்டதில்லை.

இந்த முறை ஆறு பைகளும் சொன்ன பேச்சைக் கேட்டன. கிராம்பு கிராம்பாகவும் தேயிலை தேயிலையாகவும் நின்றன. ‘மாறுகிற செடி’ என்ற வரியை அடித்துவிட்டு, செய்முறைப் பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்.

ஆய்வு ஏற்கப்பட்டதும் அந்தப் பக்கத்தை அண்ணிக்குத் தமிழில் சொன்னேன்: “இலைகள் அனைத்தையும், கொழுந்து பறிப்பதில் தேர்ந்த ஒருவர், நுனியும் இரண்டு இலையுமாகப் பறித்தார்.”

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். எந்த வரி என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“கொழுந்து கொறஞ்சா பேர எழுதுவாங்க, முத்தல் கெடந்தா எழுதுவாங்க. நல்லா பறிச்சேன்னு இப்பதான் புள்ள ஒருத்தங்க எழுதியிருக்காங்க.”