ராபர்ட் வாத்தியாரின் பஞ்சர் வகுப்பு

சிதம்பரத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிப் பிழைக்கிற ராபர்ட், 2008இல் சர்ச் ஹாலில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு ஒன்று தொடங்கினான். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது, ஃபியூஸ் போடுவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது. காசு கிடையாது.

"இதெல்லாம் அப்பன்மாருங்க சொல்லிக் குடுக்க வேண்டியது" என்பான்.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்க அப்பன் இல்லை. சொந்த ஊரான மங்கலம்பேட்டையில் அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் ஓட்டைச் சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் மூன்று நாள் அழுதவன் அவன். யாராவது வந்து பிடுங்கிச் செய்து கொடுத்தால் தேவலை என்று ஏங்கியவன்.

அந்த ஏக்கம்தான் வகுப்பைக் கெடுத்தது. பிள்ளை கொஞ்சம் திணறினால் போதும், இவனுக்குத் தாங்காது. "இங்க குடு, நான் காட்டறேன்" என்று ஸ்பேனரை வாங்கிவிடுவான். வேலை பிரமாதமாக முடியும். கற்றுக்கொண்ட பிள்ளைதான் ஒன்றுகூட இல்லை. பத்துப் பேர் ஐந்து பேரானார்கள். கடைசியில் சொந்த மகள் பிரிசில்லாவே வர மறுத்தாள்.

"எல்லாத்தயும் நீங்களே செஞ்சிக்கிறீங்க. நான் எதுக்குப்பா?"

அப்பனாக இருப்பதில் தோற்றுவிட்டோமோ என்று ராபர்ட் கலங்கிப் போனான். மனைவி ஜெயராணிக்குப் பூசி மெழுகத் தெரியாது.

"ஒங்க கையில இருந்து யாராச்சும் புடுங்குனாங்களா? இல்லல்ல? அதனாலதான நீங்களே கத்துக்கிட்டீங்க?"

சுருக்கென்றது.

அடுத்த வாரமே பிரிசில்லாவின் சைக்கிள் பஞ்சர். ராபர்ட் சாமான் டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் டியூபில் சொல்யூஷன் பசையைத் தடவிய ஈரத்திலேயே ஒட்டுப் போட்டாள். நிற்காது என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. காற்றடித்து ஏறிப் போனவள், தெருமுனையிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினாள். அவன் பதறி எழுந்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் டியூபை மறுபடி உருவி, ஒட்டைப் பிய்த்தாள். பிசுபிசுப்பை விரலால் தடவிப் பார்த்தபடியே இருந்தாள்.

"அப்பா, சொல்யூஷன் காயணுமா?"

சின்ன வயதில் இப்படி ஒரு வார்த்தை கேட்க ராபர்ட்டுக்கு ஆள் இருந்ததில்லை.

"ஆமாம்மா, காயணும்" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.