பொன்மலையில் ஒரு சேர்த்தி

அக்கா கணவரான அத்திம்பேரிடம் ஒரு கேசட் இருந்தது. அதன்மேல் ஒட்டிய வெள்ளைத் தாளில் முதலில் ‘ஸ்ரீ:’ என்று போட்டு, அதற்குக் கீழே ‘லூப் லைன்’ என்று உருட்டி உருட்டி எழுதியிருப்பார். மளிகைச் சாமான் பட்டியலுக்குக்கூட ஸ்ரீ போடாமல் பேனாவை நகர்த்தாத மனிதர் அவர். ஆனாலும் ஒரு ராக் இசைக் கேசட்டுக்கு ஸ்ரீ போட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன். அவர் என் கையிலிருந்து வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அத்திம்பேர் பொன்மலை ரயில்வே பணிமனையில் குமாஸ்தா. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து தினமும் நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போய் வருவார். ‘லூப் லைன்’ அந்தப் பணிமனைத் தொழிலாளிகள் நான்கு பேர் சேர்ந்து நடத்திய இசைக்குழு. லூப் லைன் என்றால், மற்ற ரயில்களுக்கு வழிவிட்டு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் தண்டவாளம். அவர்கள் நால்வரும் அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர்கள்தான். பகலில் சக்கரத்தோடும் பாய்லரோடும் மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பக்கத்து ஹாலில் கிடாரும் டிரம்ஸுமாக அமர்க்களம் செய்வார்கள். ஒரு கையெழுத்து வாங்கப் போன அத்திம்பேர், அன்றைக்கு வாசலில் நின்றவர் நின்றவர்தான். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. ஆரம்பத்தில் வீட்டில் கேட்டால் ‘ஓவர்டைம்’ என்பார்.

அந்தக் கேசட் அவரே பதிவு செய்தது. திருமண்ணும் தானுமாக இந்தக் கூத்தைப் பதிவு செய்வதை யாராவது பார்த்து ஆபீஸில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, டேப் ரெக்கார்டரை மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டாராம். ஆகவே அதில் பாட்டோடு, பக்கத்து நாற்காலிக்காரரின் இருமலும், தூரத்தில் ஒரு ரயிலின் ஊதலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் துண்டும் பதிவாகியிருந்தன. துண்டைத் தாண்டி வந்த ஆங்கிலம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அதில் ஒரு பாட்டுதான் அவருக்கு உயிர். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் டிரம்ஸ் சேர்ந்து, பல்லவி வரும்போது நால்வரும் சேர்ந்து கத்துவார்கள். அந்தப் பல்லவி, அத்திம்பேர் காதில், ‘ரங்கா கோ, ரங்கா கோ’ என்று விழுந்தது. பொன்மலைக்காரர்கள் ஆங்கிலத்தில் அரங்கனைப் பாடுகிறார்கள் என்று அவர் புல்லரித்துப்போனார். தெருவெல்லாம் சொன்னார். அக்காதான் முதலில் ஆட்சேபித்தாள்.

“ஏன்னா, பெருமாளைப் போய் ‘கோ’ங்கறானே? போன்னு விரட்டறானா?”

“அசடு. அது இங்கிலீஷ் கோ இல்லைடி, தமிழ் கோ. கோன்னா ராஜா. அரங்கராஜாங்கறான்.”

அக்கா அப்படியே அடங்கிப்போனாள். இவ்வளவு ஆழமாக எழுதுகிறவர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருத்தப்பட்டாள். அவளை ஒரு சனிக்கிழமை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பாட்டை நேரில் கேட்க வைப்பதாக அத்திம்பேர் வாக்குக் கொடுத்தார். அதற்குள் பாடகருக்கும் டிரம்ஸ்காரருக்கும் ஏதோ மனஸ்தாபம், பேச்சுவார்த்தை நின்றது. கிடார்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். குழு கலைந்தது. அக்கா பிறகு இருபத்தேழு வருஷம் அந்தப் பாட்டைக் கேசட்டிலும் குளியலறைக் கதவு வழியாகவும்தான் கேட்டாள். குளிக்கும்போது அத்திம்பேர் அதை மட்டும்தான் பாடுவார். கேசட் நாடா அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்து, கடைசியில் ஒட்டவே முடியாமல் போன பிறகு உலகத்தில் அந்தப் பாட்டு மிச்சமிருந்தது அந்தக் குளியலறையில் மட்டும்தான்.

போன வருஷம் ஒரு காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்திம்பேரிடமிருந்து போன் வந்தது. அவர் பணி ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிவிட்டது. பெருமாள் விஷயம் தவிர வேறு எதற்கும் குரல் உயர்த்தாதவர் அன்றைக்குக் கூவினார்.

“சேர்த்திடி! சேர்த்தி!”

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நான் விழித்தேன். பெருமாளுக்கும் தாயாருக்கும் ஊடல் வந்து, தாயார் கதவைச் சாத்தி, பிறகு சமாதானமாகி இருவரும் ஒன்றாக எழுந்தருளுவதைத்தான் எங்கள் ஊரில் சேர்த்தி என்போம். இவர் சொன்ன சேர்த்தி லூப் லைனுடையது. பாடகரும் டிரம்ஸ்காரரும் சமாதானமாகிவிட்டார்களாம். கிடார்காரர் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பொன்மலை மைதானத்தில் நால்வரும் மறுபடி மேடை ஏறுகிறார்கள். நான்கு பேரும் அறுபதைத் தாண்டிவிட்டதால் ஏழு மணிக்குள் முடித்துவிடுவார்களாம்.

அந்த ஒரு வாரம் அத்திம்பேர் கால் தரையில் பாவவில்லை. ‘லூப் லைன்’ என்று அச்சடித்த கறுப்பு பனியன் ஒன்று செய்யச் சொல்லி வாங்கிவந்தார். நல்ல காரியத்துக்குக் கறுப்பா என்று அக்கா முகம் சுளித்தாள். அவள் கொஞ்ச நாளாகத் தெருப் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் பாசுர வகுப்பு நடத்திவந்தாள். பன்னிரண்டு மாமிகள். ‘இங்கிலீஷ்ல அரங்கனைப் பாடறா, வந்து கேளுங்கோ’ என்று அத்திம்பேர் அந்த வகுப்பில் போய்ப் பேசினார். பன்னிரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். வேன் ஏற்பாடாயிற்று. கேட்கப் போகிறோமே, கூடவே பாடவும் வேண்டாமா என்று அக்கா பல்லவியை நோட்டில் எழுதிக்கொடுத்துப் பயிற்சியும் கொடுத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை நான் போனபோது கூடத்தில் பன்னிரண்டு குரல்களில் ‘ரங்கா கோ’ ஓடிக்கொண்டிருந்தது. பாசுரம் சொல்லிப் பழகிய தொண்டைகள். ஒரு பிசிறு இல்லை.

நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டும். நான் ஆங்கில டீச்சர். முப்பது வருஷமாகப் பெண்கள் பள்ளியில் அடுத்தவர் ஆங்கிலத்தைத் திருத்தியே பிழைப்பு நடத்துகிறவள். ஓட்டலில் மெனு கார்டைக் கையில் கொடுத்தால் என்ன சாப்பிடலாம் என்று பார்க்க மாட்டேன், எங்கே எழுத்துப்பிழை என்று பார்ப்பேன். நிகழ்ச்சிக்காரர்கள் போனில் சுற்றுக்கு விட்டிருந்த பாட்டுப் பட்டியல் அன்று காலைதான் எனக்கு வந்திருந்தது. அதில் ஏழாவது பாட்டு: ‘லாங் அகோ’.

லாங் அகோ. வெகு காலத்துக்கு முன்னால். அதைத் துண்டு போட்டு மூடி, ஸ்ரீரங்கத்துக் காதால் கேட்டால் ரங்கா கோ.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு அத்தனை பேர் நடுவில் உண்மை தெரிந்து இவர் மானம் போகுமே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளே அத்திம்பேர் அந்தக் கறுப்பு பனியனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். உதடு அசைய இன்னொரு முறை படித்தார். கூடத்திலிருந்து மாமிகள் பாடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

“அரங்கன் இல்லையா இதுல?” என்றார்.

“இல்லை அத்திம்பேர்.”

“நன்னாப் பாத்தியோ?”

“பாத்துட்டேன்.”

இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். பாதி தேய்த்த பனியனை மடித்து வைத்தார். “உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ இருபத்தேழு வருஷமா அதைக் கேட்டுண்டு கை கூப்பிண்டிருக்கா” என்றார். எனக்கு அப்படியே எங்காவது ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஒரு மனிதர் ஆசை ஆசையாக வைத்திருந்த ஒன்றைப் பிழை என்று சுழித்துக் காட்டிவிட்டேன்.

மறுநாள் அவர் வரவே மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். வேட்டியும் கறுப்பு பனியனும் திருமண்ணுமாக வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அக்கா மடியில் புளியோதரைத் தூக்கு. நெடுங்காலம் கழித்துச் சேருகிறவர்களை வெறுங்கையோடு பார்க்கக்கூடாது என்று விடியற்காலையில் எழுந்து கிளறியிருந்தாள்.

மைதானத்தில் முன் இரண்டு வரிசையைப் பன்னிரண்டு மாமிகளும் பிடித்துக்கொண்டார்கள். பொன்மலை இளவட்டங்கள் பின்னாலிருந்து விசித்திரமாகப் பார்த்தார்கள். முதல் பாட்டுக்கு மாமிகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது பாட்டில் பஞ்சை எடுத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். “அந்த டிரம்ஸ்காரருக்குக் கை சுத்தம். தனி ஆவர்த்தனம் எப்போடி விடுவா?” என்று ஒரு மாமி என்னிடம் கேட்டாள். அத்திம்பேர் மட்டும் அறுபத்து நான்கு வயசில் பரீட்சை எழுத வந்தவர் மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார்.

ஏழாவது பாட்டு வந்தது. பாடகர் ஒல்லியாக, வெள்ளைத் தாடியோடு மைக்கைப் பிடித்துக்கொண்டார். அதே மெதுவான ஆரம்பம். டிரம்ஸ் சேர்ந்தது. அத்திம்பேர் தலையைக் குனிந்துகொண்டார். பல்லவிக்கு ஒரு விநாடி முன்னால் அக்கா கை காட்ட, பன்னிரண்டு மாமிகளும் எழுந்து நின்று, “ரங்கா கோ! ரங்கா கோ!” என்று எடுத்தார்கள். மைக் இல்லாமலே மைதானம் அதிர்ந்தது. அடுத்த சுற்றில் பின்னாலிருந்த இளவட்டங்களும் சேர்ந்துகொண்டார்கள். மேடையில் என்ன பாடுகிறார்கள் என்று எனக்குக் கேட்கவே இல்லை. அக்கா கண்ணை மூடிக் கை கூப்பி நின்றிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அத்திம்பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் அசையவில்லை.

முடிந்ததும் அக்கா தூக்கை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நடந்தாள். தடுத்துப் பார்த்தேன். நடக்கவில்லை. அத்திம்பேர் முகம் வெளுத்துப்போய்ப் பின்னாலேயே வந்தார். எந்த உண்மையை மறைக்கச் சொன்னாரோ, அது தெரிந்தவர்களிடமே அவள் நேரே போய்க்கொண்டிருந்தாள். நால்வரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அரங்கனை இவ்வளவு உருகிப் பாடினேளே, ரொம்ப க்ஷேமமா இருக்கணும்” என்றாள் அக்கா.

பாடகர் எழுந்து நின்று கும்பிட்டார். டிரம்ஸ்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மன்னிச்சுக்கோங்கம்மா, உண்மையச் சொல்லிடறேன்” என்றார் பாடகர். “எத்தனையோ வருஷம் ஆச்சுங்களா, பல்லவி வந்ததும் வார்த்தை சுத்தமா மறந்துபோச்சு. முன்னாடி பாத்தா நீங்க எல்லாரும் எந்திரிச்சுப் பாடிக்கிட்டு இருக்கீங்க. நம்ம பாட்ட இவங்களாவது ஞாபகம் வச்சிருக்காங்களேன்னு, நீங்க பாடுனதக் கேட்டு அப்படியே நானும் பாடிட்டேன். ரங்கா கோ. கரெக்ட்தானுங்களே?”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அத்திம்பேர் பாடகரைப் பார்த்தார். அப்புறம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நேற்றிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

“எங்க மச்சினி இங்கிலீஷ் டீச்சராக்கும். தப்புன்னா விடமாட்டா. அவளைக் கேளுங்கோ” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டிரம்ஸ்காரர் உள்பட.

“கரெக்ட்தான்” என்றேன். “ரங்கா கோதான்.”

டிரம்ஸ்காரர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, புளியோதரைக்குக் கையை நீட்டினார். வேன் கிளம்பி டி.வி.எஸ். டோல்கேட் தாண்டுவதற்குள் முன் சீட்டிலிருந்து அத்திம்பேர் அந்தப் பாட்டை எடுத்தார், முழுக் குரலில், குளியலறையில் பாடுவதைவிடச் சத்தமாக. மாமிகள் பாடிப் பாடித் தொண்டை கட்டி ஓய்ந்துபோயிருந்தார்கள். பல்லவியில் அவரோடு சேர்ந்து ‘ரங்கா கோ’ பாடியது நான் ஒருத்திதான்.