பிரிண்டருக்கு உள்ளே வைத்த பொட்டு

அரைத்த சந்தனமும் பொரியும் கலந்த வாசனை எங்கிருந்து வந்தாலும், அதற்கு அடியில் லேசாகப் பிரிண்டர் மையின் வாசனையும் எனக்கு வந்துவிடும். ஆயுத பூசை நடக்கும் வீடுகளில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, சளியா என்று விசாரித்தவர்கள் உண்டு. சளியெல்லாம் இல்லை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், மலை தெரியும் ஜன்னலுக்குக் கீழே எங்கள் அம்மா ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு விஜயதசமி மத்தியானத்தின் வாசனை அது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்குக் கிளம்பிய மாமா, புதிதாக வாங்கியிருந்த தன் கம்ப்யூட்டரையும் மை தெளிக்கும் சின்னப் பிரிண்டரையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, அவை இரண்டையும் பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரைப் போல மரியாதையாகத் தள்ளி நின்றே பார்த்தார். அம்மாதான் நெருங்கினாள். கல்யாணத்துக்கு முன்பு தமிழ் டைப்ரைட்டிங்கில் "ஹையர்" பாஸ் செய்தவள், அதற்கப்புறம் வெண்டைக்காய் நறுக்குவதைத் தவிர அந்த விரல்களுக்கு வேலை கொடுக்காதவள், ஒரே வாரத்தில் கம்ப்யூட்டரில் படபடவென்று தமிழ் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே கேள்வித்தாளைக் கையால் எழுதித்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கே வந்து, "இந்த மாசத் தேர்வுக்கு நீங்க அடிச்சுக் குடுங்க. நல்லா இருந்தா ஆபீஸ்ல உங்களையே வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைப் பால்காரரிடம்கூடச் சொன்னாள். பூசை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் காலையில் தாள்கள் அங்கே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முன்னாலேயே அடித்து வைத்துவிட்டவள், அச்செடுப்பதை மட்டும் விஜயதசமிக்கென்று நிறுத்தி வைத்தாள். முதல் உத்தியோகம், அதை நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூசை. கம்ப்யூட்டர், கீபோர்டு, ஸ்டெபிலைசர், அம்மாவின் தையல் மிஷின், அப்பாவின் மொபெட் என்று எதுவும் பொட்டுக்குத் தப்பவில்லை. அம்மாவின் அப்பா கீழ்பென்னாத்தூரில் "மல்லாட்டை மிஷின்" வைத்திருந்தவர். நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை உடைத்துத் தோல் நீக்கும் அந்த இயந்திரத்துக்கு, அவர் பூசையன்று தகரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும்தான் பொட்டு வைப்பாராம். "தகரமா மல்லாட்டை ஒடைக்குது? ஓடுறது எதுவோ அதுக்கு வை" என்பது அவர் சொல். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் பிரிண்டரின் மேல்மூடியில் ஒரு பொட்டை ஒப்புக்கு வைத்துவிட்டு நகர்வாளா? மூடியைத் திறந்தாள். மைப்பெட்டி ஓடும் பாதைக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணாடி போல ஒரு நாடா கட்டியிருந்தது. நெற்றி மாதிரி வாகாக இருந்த அந்த நாடாவில், பட்டையாகச் சந்தனம் தடவி, வரிசையாக மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மறுபூசை முடிந்ததும் பிரிண்டரைப் போட்டோம். மைப்பெட்டி கொஞ்ச தூரம் நல்லபடி வந்தது. பிறகு தலைதெறிக்க ஓடி ஓரத்தில் "டமார்" என்று மோதி நின்றது. சிவப்பு விளக்கு மினுக்கியது. அணைத்துப் போட்டாலும் அதே ஓட்டம், அதே டமார். அப்பா ரிப்பேர்க் கடைக்குப் போய் மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கலாமென்றால், அங்கே கேம் விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். கேள்வித்தாள் தேர்வுக்கு முன்பே ஊரைச் சுற்றி வந்துவிடும்.

அம்மா தையல் மிஷின் டிராயரிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

"தொறந்தின்னா வாரன்டி போயிடும்" என்றார் அப்பா.

"நாளைக்குக் காலைல பேப்பர் போவலைன்னா எனக்கு வேலையே போயிடுங்க. வாரன்டிய வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

அப்பா நியூஸ் பேப்பரை விரித்துக்கொண்டார். அம்மா இன்னொரு பழைய பேப்பரைத் தரையில் விரித்தாள். ஸ்குரூ கழற்றக் கழற்ற எது எந்த இடத்தது என்று மாறிப்போகாமலிருக்க, சமையலறையிலிருந்து இட்லித் தட்டைக் கொண்டுவரச் சொன்னாள். முன்பக்கத்து ஸ்குரூ ஒரு குழியில், பின்பக்கத்தது இன்னொரு குழியில், கழற்றிய மைக்குப்பிகள் கடைசிக் குழியில் என்று வைத்துக்கொண்டே வந்தாள். மேல்கூட்டைத் தூக்கினால், காகிதம் போகும் உருளைக்கு அடியில் பொரி. பூசைத் தட்டிலிருந்து சிந்தியிருக்க வேண்டும். எங்களுக்கு உயிர் வந்தது. என் சின்ன விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். நான்கைந்தை வாயில் போட்டுக்கொண்டதற்கு அடியும் வாங்கினேன். குப்பிகளை மாட்டி மறுபடி போட்டோம்.

டமார்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, ஆனால் முகம் சின்னதாகிவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அடுப்படியிலேயே இருக்கும் அம்மாவாகத் திரும்பிவிடுவாளோ என்று நினைத்தேன். கூடு கழன்ற பிரிண்டரை அவள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். மேற்கே சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக நாடாவின் மேல் விழுந்தது. அப்போதுதான் இருவரும் ஒன்றைக் கவனித்தோம். மைப்பெட்டி முதல் பொட்டு வரைக்கும் ஒழுங்காக வருகிறது. பொட்டைத் தொட்டதும்தான் பேய் பிடித்தது போல ஓடுகிறது. அந்த நாடாவில் மெல்லிய கோடுகள் உண்டென்பதும், அவற்றைப் பார்த்தே பெட்டி தான் இருக்கும் இடத்தை அறிகிறதென்பதும் நான் பின்னாளில் தெரிந்துகொண்டவை. அம்மா அன்று சொன்னது, "கண்ண மறைச்சுட்டேன் பாப்பா" என்பதுதான்.

காரணம் தெரிந்தும் அவள் கை எழவில்லை. விஜயதசமியும் அதுவுமாக, புருஷன் எதிரில் உட்கார்ந்திருக்க, தான் வைத்த குங்குமத்தைத் தானே அழிப்பதா? ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அப்பா பேப்பரை இறக்கினார்.

"ஓடணும்னுதான வெச்ச? ஓடறதுக்குத் தொடைக்கிற. தொடை."

அம்மா அந்த மூன்று பொட்டிலிருந்தும் குங்குமத்தை விரலால் எடுத்துத் தாலியில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம்தான் துணியால் நாடாவைத் துடைத்தாள், குழந்தைக்கு முகம் துடைப்பது போல மெதுவாக.

பிரிண்டர் ஓடியது. ஒன்றாம் வகுப்புத் தமிழ்த் தாள் வரிவரியாக வெளியே வந்தபோது நான் கை தட்டினேன். அம்மா அவசரமாக அதை உருவினாள். வலது மூலையில் அவள் கட்டைவிரல் குங்குமம் சிவப்பாகப் பதிந்துவிட்டது. "வேற ஒண்ணு எடு" என்றார் அப்பா. அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே பார்த்தாள். "வேணாங்க, இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் தலைமையாசிரியை அதைப் பார்த்து, "மங்களகரமா கொண்டாந்திருக்கீங்க" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். அந்த வாரமே அம்மா வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து எந்தத் தேர்வானாலும் முதல் தாளின் மூலையில் அவளே ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பாள். ஜெராக்ஸில் அது கறுப்பாகத்தான் விழும்.

அந்தப் பிரிண்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. இட்லித் தட்டு இருக்கிறது. அதில் ஒரு குழி மட்டும் இன்னும் நீலம், அதில் வெந்த இட்லியை அப்பா கடைசி வரை தொடவில்லை. சென்னையில் என் வீட்டிலிருக்கும் பிரிண்டரில் ஸ்குரூ எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. வெளிமூடியில் ஒரு பொட்டோடு பூசை முடிந்துவிடுகிறது. அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள். அந்தப் பள்ளிக்கு இப்போது கேள்வித்தாள் எங்கோ மொத்தமாக அச்சாகி, மூலை சுத்தமாக வருகிறதாம்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாலிபன் அம்மாவை அடையாளம் கண்டு நின்றிருக்கிறான். "டீச்சர், கொஸ்டின் பேப்பர் மூலைல கறுப்பா ஒண்ணு இருக்குமே, அத தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினுதான் நாங்கல்லாம் எழுதுவோம். அது இன்னாது டீச்சர்?" என்று கேட்டானாம். போனில்தான் அம்மா இதை எனக்குச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் அழிச்ச பொட்ட, எத்தினி புள்ளைங்க கண்ணுல ஒத்திக்கினு இருந்துச்சுங்க பாரு" என்றாள்.