சூடு என்று சொன்ன சர்வர்

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன். அதற்குமேல் எழுத வராது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். இது அவளுடைய அம்மாவைப் பற்றியது. அந்த அம்மா என் கடைக்குட்டி மகள்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கிற ஒரு ஜவ்வரிசி மில்லில் கம்ப்யூட்டர் எல்லாம் அவள் பொறுப்பு. வண்டி எடைமேடையில் ஏறினால் எடை, சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும். கிழங்கில் எவ்வளவு மாவு என்கிற பாயிண்ட்டும் அதில் ஏறும். அப்புறம்தான் சீட்டு வரும், கிழங்கு இறங்கும்.

போன தை மாதம், கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி ஏற்றி, டிராக்டரில் நானும் கூடவே வந்தேன். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. வெயிலில் கிடந்தால் உள்ளே கறுக்கும், பாயிண்ட் இறங்கும். மில்லுக்கு வந்து பார்த்தால் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. ஒன்றும் நகரவில்லை.

ஒரு லாரி டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "இன்னா ஆயா, உம் பொண்ணு மிஷினத் தூங்க வெச்சுட்டு தாலாட்டு பாடிக்கினு கீதாமே?"

"பாடுனா நீயும் தூங்கு. வண்டில இருக்கிறது உங் கெழங்கா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சர்வர் அறையில் ஏசி ஓடியது. மகள் போனில் சர்வர் கம்பெனி இன்ஜினியரோடு பேசிக்கொண்டிருந்தாள். முதலாளி வாசலை அடைத்து நின்றார். காலையில் இன்ஜினியர் அனுப்பிய ஃபர்ம்வேர் அப்டேட்டை, அதாவது மிஷினை எழுப்பிவிடுகிற புரோகிராமின் புதுசை, இவள் ஏற்றியிருக்கிறாள். அதிலிருந்து சர்வர் எழுந்ததும் சிவப்பு விளக்குப் போட்டு, சூடு அதிகம் என்று காட்டி, தானே அணைந்துவிடுகிறது.

"சூடு பாக்குற போர்டு போயிருக்கும். புதுசு நாளைக்குத்தான் வரும்" என்றது போன்.

முதலாளி மகளைப் பார்த்தார். "நல்லா ஓடிக்கினு இருந்தத யாரும்மா நோண்டச் சொன்னது? இன்னிக்கு மில்லு நின்னா நாளைக்கு நீ வர வேணாம்."

அவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அன்று வாய் திறக்கவில்லை. திறந்தால் மகளுக்குத்தான் கேடு.

மகள் கரண்ட் ஒயர்களைப் பிடுங்கி, கொஞ்சம் விட்டுச் சொருகினாள். சிவப்பு. மூடியைக் கழற்றி, ஃபேன்களை விரலால் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் சுற்றின. மறுபடியும் சிவப்பு. பழைய புரோகிராமையே போடலாமா என்று கேட்டாள். பாதியில் மிஷின் அணைந்தால் மொத்தமும் போய்விடும் என்றார் இன்ஜினியர்.

அந்த ஏசியிலும் அவள் கழுத்தில் வியர்வை.

"சார், உள்ள தொட்டா சில்லுனு இருக்குது. எந்த எடத்துச் சூட்டச் சொல்லுது?"

"முன்பக்கம். காத்து உள்ள போற எடம்."

"பழசுலயும் அப்படிக் காட்டியிருக்குமா?"

"இருக்கலாம். பழசு ஃபேனை மட்டும் வேகமா ஓட்டும். புதுசு அணைச்சிடும்."

மகள் முன்பக்கம் வந்து குனிந்தாள். ஆயுத பூஜைக்கு முதலாளி தன் கையால் இட்ட சந்தனப் பட்டை அங்கே இருந்தது. எடைமேடைக்கு ஒரு பொட்டுதான் வைத்திருந்தார், சர்வருக்குத் தாராளமாக அப்பியிருந்தார். அது காய்ந்து, காற்றுத் துளைகளை அடைத்துக் கல்லாகக் கிடந்தது.

சாமிக்கு வைத்தது. துடைக்க அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் தப்பு அவருடையது என்று சொன்ன மாதிரி ஆகும். வெளியே ஹாரன் விடாமல் அடித்தது.

"முதலாளி, இது நீங்க வெச்ச சந்தனம். இதான் காத்த அடைக்குது. தொடைக்கட்டுங்களா?"

அவர் முகம் இறுகியது. "பூஜை பண்ணதத் தொடைப்பியா?"

"ஆமாங்க. என்னைய வேலைய விட்டு நிறுத்துறதா இருந்தாலும் தொடச்சுட்டே போறேன்."

பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "நீயே தொடச்சிடு. எங் கையால வேணாம்."

மறுபடி ஒயரைப் பிடுங்கிவிட்டு, துண்டின் முனையை நனைத்துத் துடைத்தாள். துளைகளைக் குத்திவிட என் வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். துண்டு மஞ்சளாயிற்று. காய்ந்த பிறகு கரண்ட் கொடுத்தாள். ஃபேன்கள் இரைந்தன. சிவப்பு வந்தது. அப்படியே நின்றது. அப்புறம் பச்சையாக மாறியது, அணையவில்லை. எடைமேடைப் பக்கம் சீட்டு அடிக்கிற சத்தம் கேட்டது.

"வர்ற வருஷம் சந்தனத்த மேசைக்கு வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார். நாளைக்கு வராதே என்பதை அவர் திரும்பச் சொல்லவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போனாள்.

எழுதியாச்சா கண்ணு? உங்கம்மா முதலாளிகிட்ட சந்தனம்னு சொன்னா பாரு, அங்கிருந்து படி. அவ சொன்னது சொன்னபடி இருக்குதான்னு நான் கேக்கணும்.