பிடிக்கும்போதா, விடும்போதா: துறைமுக வாசலிலிருந்து மணப்பாடு வரை

பகல் 11.20. தூத்துக்குடித் துறைமுக வாசலில் ஜெரால்டு வெளியே வந்தான் என்று எழுதினால் அது பொய். ஓடி வந்தான். கையில் ஒரு சின்னப் பை, முதுகெல்லாம் வியர்வை, முகமெல்லாம் பல். காவலர் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பதற்குள் நான் காரோடு நின்ற இடத்துக்குப் பாதி தூரம் வந்துவிட்டான். பிறகு அதை வாங்கத் திரும்பவும் ஓடினான்.

ஜெரால்டு என் தங்கை ஸ்டெல்லாவின் கணவன். நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பலில் எஞ்சினியர். ஏழு மாதத்துக்கு முன் கப்பல் ஏறினான். பன்னிரண்டு நாளைக்கு முன் மணப்பாட்டில் அவனுக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். ஆபரேஷன் பிரசவம் என்பதால் தாயும் பிள்ளையும் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்தப் புண்ணியமோ, அவனுடைய கப்பல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சரக்கு இறக்க வந்து நின்றது. இறங்கிப் போய்வர அனுமதியும் கிடைத்தது. ஆனால் மாலை 4 மணிக்குள் திரும்பவும் வாசலுக்குள் இருக்க வேண்டும். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது. இன்றைக்கு விட்டால் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

நான் பிறந்தது மணப்பாடு, பிழைப்பு கோயம்புத்தூர். மாப்பிள்ளையைக் கூட்டிப் போவதற்காகவே முந்தின நாள் என் பழைய காரில் ஏறத்தாழ முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தேன். துறைமுகத்திலிருந்து மணப்பாட்டுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஒன்றேகால் மணி நேரம் போதும். போக வர இரண்டரை மணி நேரம் போனாலும், பிள்ளையோடு இரண்டு மணி நேரம்! கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

“மச்சான், மிதிங்க!” என்றான். கதவை இன்னும் சாத்தவில்லை.

11.45. முள்ளக்காடு தாண்டியாயிற்று. திருச்செந்தூர் சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் தரையில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிறது. கண்ணைச் சுருக்காமல் ஓட்ட முடியாது. வரப்புகளில் உப்பைக் குவித்து, பனையோலை வேய்ந்து வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் குடிசை என்று நினைத்து என்னிடம் விசாரித்ததுண்டு. ஜெரால்டு எதையும் பார்க்கவில்லை. ஸ்டெல்லா அனுப்பிய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, “மூக்கு எங்க அம்மா மூக்கு” என்றான். எனக்கு அது எங்கள் வீட்டு மூக்காகத்தான் தெரிந்தது. இன்றைக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

பழையகாயலுக்கு முன்னால் சாலை வேலை. ஒரு பக்கமாக வண்டிகளை விடுகிறார்கள். உப்பு லாரிகளுக்குப் பின்னால் நின்றேன். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுக் காலை எடுத்தேன். அப்போதுதான் அது கேட்டது.

கிர்ர்ர்ர்ர்.

அம்மியில் காய்ந்த மிளகை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம், சரியாக என் காலுக்கு நேரே கீழே. ஓடும்போது காற்றிலும் லாரி இரைச்சலிலும் அமுங்கிக் கிடந்திருக்கிறது. கிளட்சை மிதித்தேன், நின்றது. காலை எடுத்தேன், மறுபடியும் கிர்ர்ர். வண்டியை ஓரங்கட்டி, கோயம்புத்தூரில் என் வண்டியைப் பத்து வருடமாகப் பார்க்கிற மெக்கானிக் ரங்கசாமியைப் போனில் பிடித்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

“கிளட்ச் புடிக்கறப்பங்களா, உடறப்பங்களா சத்தம்?” என்று கேட்டார் ரங்கசாமி.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெரால்டு போனைப் பிடுங்கிக்கொண்டான். எஞ்சினியர் இருக்கும்போது நான் எதற்கு? “பிடிச்சிருக்கும்போதுதான் சத்தம் அண்ணே. விட்டா நின்னுருது” என்றான், சந்தேகமே இல்லாமல்.

“அடடா! அப்ப ரிலீஸ் பேரிங் போச்சுங்க. கால் வைக்கறப்ப கிளட்சத் தள்ற பேரிங்குங்க அது. ஓட்டாதீங்க, நடுவழில நொறுங்கிருச்சுன்னா கியரே மாத்த முடியாது. கியர்பாக்ஸ எறக்கோணும். ஒரு நாள் வேலைங்க.”

ஒரு நாள்! எங்களுக்கு இருந்தது நாலு மணி நேரம். வாடகைக் காருக்கு மூன்று பேருக்குப் போன் போட்டேன். அன்றைக்குப் பார்த்து முகூர்த்த நாள். “ரெண்டு மணிக்கு மேல பாப்பம்” என்பதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. ஜெரால்டு போனைப் பைக்குள் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு படம் பார்க்கவில்லை. அவனைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எதிரே வந்த லாரி டிரைவர் ஒருவர், “தெக்க கொஞ்சம் போங்க, செல்வம் அண்ணாச்சி பட்டறை இருக்கு” என்று கை காட்டினார். ஓட்டாதீர்கள் என்று ரங்கசாமி சொல்லிவிட்டாரே! ஆகவே இருவரும் இறங்கித் தள்ளினோம். அரைக் கிலோமீட்டருக்குக் குறையாது. உச்சி வெயில், உப்புக் காற்று, கண்ணுக்குள் வழிகிற வியர்வை. பெரிய கப்பலை ஓட்டுகிறவனும் சின்னக் காரை ஓட்டுகிறவனும் மாற்றி மாற்றி மூச்சு வாங்கினோம்.

12.20. செல்வம் அண்ணாச்சியின் பட்டறை என்பது நாலு தூண், மேலே தகரம், உள்ளே உப்பு லாரி ஒன்று. லாரிக்கு அடியிலிருந்து முதலில் இரண்டு கால் வந்தது. பிறகு ஐம்பது வயதுள்ள ஒரு மனிதர் வந்தார்.

“ஸ்டார்ட் ஆவலியா?”

“ஸ்டார்ட் ஆவும் அண்ணாச்சி” என்றேன்.

“கியர் விழலியா?”

“விழும்.”

“பெறவு எதுக்குய்யா ஓடுத வண்டியத் தள்ளிட்டு வாரிய?”

ஜெரால்டு முன்னால் வந்தான். தான் கப்பல் எஞ்சினியர் என்பதைச் சொல்லி, கிளட்ச் பிடித்திருக்கும்போது சத்தம் வருகிறது, விட்டால் வருவதில்லை, ஆகவே ரிலீஸ் பேரிங் என்று முடிவே சொல்லிவிட்டான். அண்ணாச்சி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“கிளட்சு கெடக்கட்டும். சத்தம் வரயில உங்க காலு எங்கன இருக்கு?”

“காலா?”

“ஆமா, காலு. பெடலு மேலயா, வெளியவா?”

ஜெரால்டு என்னைப் பார்த்தான். நான் என் காலைப் பார்த்தேன். “வெளிய அண்ணாச்சி. காலை எடுத்தாத்தான் சத்தம்” என்றேன்.

“அப்பம் மிதிச்சா?”

“நின்னுரும்.”

அண்ணாச்சி ஜெரால்டு பக்கம் திரும்பினார். “நீரு மிதிச்சா சத்தம்னுல்லா சொன்னீரு?”

“நான் மிதிக்கிறதைச் சொல்லல அண்ணாச்சி. கிளட்ச் பிடிக்கிறதுன்னா, ரெண்டு தட்டும் ஒண்ணையொண்ணு பிடிக்கிறது. காலை எடுத்தாத்தானே பிடிக்கும்!”

“எங்களுக்கு, காலு போயி அமுக்குததுதான்யா புடிக்கது.”

“நான் வேலை பார்த்த கப்பல்ல எந்தக் கிளட்ச்சுக்கும் பெடலே கிடையாது!” என்றான் ஜெரால்டு, அழாத குறையாக. அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். அவன் சொன்னதும் தப்பில்லை, ரங்கசாமி புரிந்துகொண்டதும் தப்பில்லை. ஒரே வார்த்தைக்கு இருவரும் நேரெதிர் அர்த்தம் வைத்திருந்தார்கள். நடுவில், ஓடுகிற வண்டியை நான் வெயிலில் தள்ளியிருக்கிறேன்!

அண்ணாச்சி ஏறி உட்கார்ந்தார். முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலு தடவை அமுக்கினார். கீச்சென்ற சத்தம் ஏதும் இல்லை; பெடலும் கேபிளும் சரி. பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து காலை வெளியே வைத்தார். கிர்ர்ர். மெல்ல மிதித்தார். சத்தம் அடங்கியது. எடுத்தார். கிர்ர்ர்.

“பாத்தியளா? காலை எடுத்தா எஞ்சினோட சேந்து கியர்பாக்ஸ் தண்டும் சுத்தும். மிதிச்சா அது நின்னுரும். ரிலீஸ் பேரிங்குன்னா மிதிக்கயில கத்தணும். இது மிதிச்சா வாயே தொறக்கல. அப்பம் கியர்பாக்ஸ்குள்ள அந்தத் தண்டு பேரிங்குதான் கத்துது. எதுக்குக் கத்துதுன்னு பாப்பம்.”

ஜாக்கி போட்டு, பக்கத்திலேயே முட்டுக் கொடுத்து, அடியில் போனார். கியர்பாக்ஸின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி விரலை விட்டார். விரல் வறட்டு விரலாகவே திரும்பி வந்தது. முன் சக்கரத்துக்குப் போகும் தண்டு நுழைகிற இடத்தில் ரப்பர் சீல் கசிந்து, எண்ணெய் வழிநெடுகப் போயிருக்கிறது. நான் கோயம்புத்தூரிலிருந்து வண்டி கழுவிக்கொண்டு வந்தேனே தவிர, குனிந்து பார்க்கவில்லை.

கியர் எண்ணெய் லிட்டர் 420 ரூபாய். ஒன்றரை லிட்டர் குடித்தது. ஜெரால்டு சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்து விளக்குப் பிடித்தான். எண்ணெய் மூடி கழற்றிய துளையின் விளிம்பு வரை வந்ததும் அவனே “போதும்!” என்று கத்தினான்.

மறுபடி ஸ்டார்ட். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கிர்ர்ர் போய், லேசான ஒரு உறுமல் மட்டும் மிச்சம். எனக்கு அண்ணாச்சியைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஜெரால்டு கட்டியே பிடித்துவிட்டான், எண்ணெய்க் கையோடு.

“விடுமய்யா! பேரிங்கு தேஞ்சுதான் இருக்கு, சீலும் மாத்தணும். கோயம்புத்தூருக்கு இதோட போயிராதிய. இன்னைக்கு மணப்பாடு போயி வாரதுக்கு ஒண்ணும் ஆவாது. வெரட்டாமப் போங்க. நாளைக்குக் கொண்டாங்க, எறக்கிருவம்.”

1.05. புறப்பட்டோம். முக்காணிப் பாலத்தில் தாமிரபரணி. ஆத்தூரில் வாழையும் வெற்றிலைக்கொடியும். அதுவரை இருந்த உப்பு வெள்ளை போய்க் கண்ணுக்குக் குளிர்ச்சி. ரங்கசாமிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். “கிளட்ச் புடிக்கறதுன்னா கால்ல அமுத்தறதுங்க! வேற என்னத்தங்க புடிக்கறது?” என்று அவர் கொதித்தார். ஜெரால்டு இங்கிருந்து தட்டுகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தான். காயல்பட்டினம் தாண்டும்வரை சண்டை நடந்தது. திருச்செந்தூரில் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம். குலசேகரன்பட்டினம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “கோயில் தெரியுது மச்சான்!” என்று கூவினான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற எங்கள் மணல் குன்றும், அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும் அங்கேயிருந்தே தெரியும்.

2.10. வீடு. 2.35க்குக் கிளம்பியாக வேண்டும். ஜெரால்டு நேரே குசினிக்குள் போய், சமையல் மேடைக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டான், இரண்டு தடவை. எண்ணெய்க் கறை போகவில்லை. ஸ்டெல்லா கட்டிலில் சாய்ந்தபடியே சிரித்தாள், அதோடு அழவும் செய்தாள். துணிச்சுருளை அவன் கையில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், பிள்ளை வீறிட்டது.

வரும் வழியிலேயே அவளுக்குப் போனில் கிளட்ச் கதையைச் சொல்லியிருந்தோம். விடுவாளா? “ஏங்க, பிடிக்கும்போது சத்தம் வருதே. எந்தப் பேரிங்கு?” என்றாள்.

அவன் காதில் எதுவும் விழவில்லை. சுண்டு விரலை நீட்டினான். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய அந்த விரலைப் பிள்ளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. மூக்கைப் பார்த்தேன், சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டு மூக்கு. அவன் அப்படியே அசையாமல் இருந்தான், சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. தட்டில் போட்ட மீன் குழம்பும் சோறும் ஆறிப்போயின. நான் கடிகாரத்தைப் பார்க்கும் பாவியாக வாசலில் நின்றேன்.

2.37. “மாப்ள” என்றேன். அவன் விரலை மெல்ல உருவினான். பிள்ளை மறுபடியும் வீறிட்டது. தெருமுனை வரை கேட்டது.

திரும்பும்போது ஜெரால்டு அந்தச் சுண்டு விரலையே பார்த்துக்கொண்டு வந்தான். பழையகாயல் பக்கம் பட்டறையைக் கடக்கையில் ஹாரன் அடித்தேன். செல்வம் அண்ணாச்சி லாரிக்கு அடியிலிருந்து கையை மட்டும் ஆட்டினார். கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் எல்லா வேலைக்கும் ஆள் உண்டு, போன் செய்தால் வருவார்கள். ஆனால் அங்கே யாரும் என்னிடம் கால் எங்கே என்று கேட்டதில்லை.

3.52. துறைமுக வாசல். பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். சீட்டைக் காட்டினான். காவலர் தலையசைத்தார். அதற்கு மேல் அவன் போகவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

“மாப்ள, காலு எங்கன இருக்கு?”

குனிந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய, மச்சான்.”

மணி 3.54. வெளியே இருந்த காலையும் எடுத்து உள்ளே வைத்தான்.