மதலேனாளின் கருத்து

செஞ்சி நிலக்கடலை மண்டியில் மல்லாட்டைப் பயறு புடைத்துக் கூலி வாங்கிய மதலேனாளுக்கு அக்டோபர் மாதம் பிறந்தால் இன்னொரு வேலை வந்துவிடும். மாதா சுரூபத்தை வீடு வீடாக எடுத்துப்போய் ஜெபமாலை சொல்வார்கள். முன்சொல்கிறவள் அவள்தான்.

தொடங்குமுன் வீட்டுக்காரரிடம், "உங்க கருத்து இன்னா?" என்று கேட்பாள். கருத்து என்றால் அந்த வீட்டார் மாதாவிடம் வேண்டிக்கொள்வது. அதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் முதல் மணியைத் தொடுவாள். முன்பெல்லாம் பிள்ளைவரம், மழை, மாட்டுக்கு வந்த சீக்கு என்றிருந்தது. எண்பதுகளில் பாதி தாண்டியதும் காற்று மாறியது. காதோடு காதாக டிவி என்றார்கள், மிக்ஸி என்றார்கள், ஒரு வீட்டில் ஸ்கூட்டர். மாதா முன்னால் இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? மதலேனாள் கெட்டிக்காரி. டிவிக்குக் குடும்ப சமாதானம் என்று பெயர் வைத்தாள். ஸ்கூட்டருக்குப் பிரயாணத்தில் பாதுகாப்பு. மிக்ஸிக்கு உடல் சுகம். கேட்டவர்களுக்கும் திருப்தி, பங்குச் சாமியார் காதிலும் உறுத்தாது.

"மாதாகிட்ட போயி கடைச் சாமான் கேக்குதுங்க," என்று புருஷன் அருளப்பனிடம் அலுத்துக்கொள்வாள். அவன் கொத்தனார். சிரித்துவிட்டுச் சாப்பிடுவான்.

அப்படிப் பேசிய வாய்க்காரி 1986இல் ஞானாதிக்கம் வாத்தியார் வீட்டில் வசமாக மாட்டிக்கொண்டாள். சுரூபம் வைத்த மேசைக்குப் பக்கத்தில் புத்தம்புதிய பச்சை இரும்பு பீரோ. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கையகலக் கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்துப் பழகியவள், அன்றுதான் தன்னை முழுசாகப் பார்த்தாள். ஜெபம் முடிந்ததும் வாத்தியாரம்மா பீரோவைத் திறந்து மூடிய சத்தம் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

உள்ளே வைக்க அவளிடம் என்ன இருந்தது? நாலு புடவையும் ரேஷன் கார்டும். ஆசை அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது? திண்டிவனம் ரோட்டுப் பீரோ கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. மண்டியில் கல்லை விட்டுவிட்டுப் பயறைப் பொறுக்கி எறிந்து திட்டு வாங்கினாள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினால் அங்கேயும் பச்சை பீரோ. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இத்தனை வருஷம் ஊருக்காக முட்டி தேய ஜெபித்தவளின் மனசில் இரும்புத் தகடு மட்டும்தானா மிச்சம்? அந்தப் பயத்தோடேயே வீட்டு மூலையிலிருந்த பானைகளை வெளியே தள்ளி, பீரோவுக்கு இடமும் பண்ணிவிட்டாள்.

மாதக் கடைசியில் சுரூபம் அவள் வீட்டுக்கு வந்தது. ஒற்றை அறை வீடு. தெருவே உள்ளே வந்து நெருக்கியடித்து மண்டியிட்டது.

"ஊரையெல்லாம் கேக்கறியே, உன் கருத்து இன்னாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுச் செசிலி.

குடும்ப சமாதானம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மாதா முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரள மறுத்தது.

"பீரோ," என்றாள்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மதலேனாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஜெபம் தொடங்கியதும் ஒருவரும் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் மகன் காமாலையில் கிடந்தபோது எப்படி உருகிச் சொன்னார்களோ, பீரோவுக்கும் அப்படியே சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது.

ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகள் முடியும்போது அவள் பார்வை மூலைக்குப் போனது. காலி பண்ணி வைத்த இடத்தில் தைலம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் மடங்காது. சுவரில் சாய்ந்து காலை நீட்டினால்தான் அவளால் உட்கார முடியும். மற்ற வீடுகளில் கட்டிலும் டிவி மேசையும் சுவரை அடைத்துக்கொண்டதால், இரண்டு வருஷமாக வாசலுக்கு வெளியே இருந்தே மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தவள். அன்றைக்கு உள்ளே, மாதாவுக்கு நேர் எதிரே இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

மதலேனாள் ஜெபத்தை நிறுத்தினாள்.

"கருத்தை மாத்திக்கிறேன். பீரோ வாணாம்."

"ஏங்க்கா, இன்னாச்சி?" என்றாள் செசிலி.

"அத்த வச்சிட்டா தைலம்மா எங்க உக்காரும்?"

தைலம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்கு இன்னாடி, நான் வெளிய உக்காந்துக்கறேன். பழக்கந்தான? நீ கேளு," என்றாள்.

மதலேனாள் ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மேலே சொல்ல முடியவில்லை. பீரோவைக் கண்ட நாளிலிருந்து மனசில் இருந்த அரிப்பு அந்த நேரத்தில் சுத்தமாக இல்லை. அழுதுகொண்டே சந்தோஷமாக இருந்தாள். செசிலி அவள் மடியிலிருந்த ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். பிறகு, கருத்து எதுவும் சொல்லாமலே நாலாவது பத்தை அவளே தொடங்கினாள்.