பார்த்துப் போங்கள் என்று சொன்னவர்களுக்கு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து, "நல்ல மனுசன், அந்த பைக்தான் கொண்டுபோயிருச்சு" என்று பெருமூச்சு விடப்போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பைக்கில் போய் இறக்கவில்லை. நடந்து போய் இறந்தார். அவருடைய ஒரே தங்கை என்பதால் இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பதைக் கடைசிவரை வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அண்ணன் கொடகவெலவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், மூன்றாம் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. படிப்பை விட்டுவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் எண்ணெய் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பத்து வருடத்தில் அங்கே எந்த இயந்திரம் நின்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். என்னைப் படிக்க வைத்து ஆசிரியையாக்கினார். அம்மாவின் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார். அண்ணியை மணந்த பிறகும் அந்தக் கவனிப்பில் எந்தக் குறையும் வரவில்லை. நினைவு மலர்களில் எல்லோரைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்கள். அண்ணன் விஷயத்தில் அது உண்மை.

முப்பது வயதில் ஒரு பழைய பைக் வாங்கினார். வாங்கி வந்த அன்றே ஊர் கூடிவிட்டது, வாழ்த்துவதற்கு அல்ல. எந்தத் தோட்டத்தில் யார் எந்த வளைவில் விழுந்தார், யாருக்குக் கால் போயிற்று, யாருடைய பெண்டாட்டி தாலியறுத்தாள் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை கொண்டுவந்தார்கள். அண்ணி தேநீர் ஊற்றிக் கொடுக்கக் கொடுக்கக் குடித்துவிட்டுச் சொன்னார்கள். போகும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "பாத்துப் போங்க."

ஆரம்பத்தில் அண்ணன் வாதாடினார். சந்தியில் பஸ் கவிழ்ந்ததே, கொழுந்து லொறி பள்ளத்தில் இறங்கியதே, அப்போது யாராவது பஸ்ஸையும் லொறியையும் விட்டுவிடச் சொன்னீர்களா என்று கேட்டார். எதிர்த்துப் பேசுகிறார், திமிர் வந்துவிட்டது என்றார்கள். பிறகு வேடிக்கையாகப் பதில் சொல்லிப் பார்த்தார். "பயமா இல்லியா?" என்று கேட்டால், "பயம் இருக்கிறதாலதாங்க ஹெல்மட் போடுறேன்" என்பார். அதற்கும் முகம் சுளித்தார்கள். அவர் தடித்த மேலங்கியும் கையுறையும் சப்பாத்துமாக வெயிலில் புறப்பட்டால், சந்திரனுக்கா போகிறீர்கள் என்று சிரித்தவர்களும் இதே ஆட்கள்தான். ஓட்டினால் ஆபத்து, பாதுகாப்பாக ஓட்டினால் கோமாளி. மனிதன் என்னதான் செய்வது?

கடைசியில் அவர் ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார். யார் எதைச் சொன்னாலும், "சரிங்க, பாத்துப் போறேங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து டயரை அழுத்திப் பார்ப்பார், சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பார், போய்விடுவார். எனக்குத்தான் கோபம் வரும். ஒருநாள் ஏன் இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"அக்கறையில சொல்றாங்க. அக்கறைக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாது பாப்பா," என்றார்.

அது அக்கறை என்று நான் நம்பவில்லை. அக்கறை உள்ளவர்கள் வீட்டு ஆணியில் தொங்கிய இரண்டாவது ஹெல்மட்டை மறந்திருக்க மாட்டார்கள். அது அண்ணிக்காக வாங்கியது. அண்ணி போட்டதைவிட நீங்கள் போட்டதுதான் அதிகம். பிரசவ வலி வந்தால், குழந்தைக்கு வலிப்பு வந்தால், யாருக்காவது குளவி கொட்டினால், ஓடி வந்து தட்டிய கதவு எங்கள் கதவு. எஹலியகொட மாமா கோபிக்கக் கூடாது. எங்கள் கோவில் திருவிழாவுக்கு வந்த இடத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. அண்ணன் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி மாமா வழியெல்லாம், "இதெல்லாம் நமக்கு வேணாம்பா, வித்துப்புடு" என்று புத்தி சொல்லிக்கொண்டே போனாராம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரே ஒரு முறை விழுந்தார். மழைக்குப் பிறகு பாதையில் கிடந்த ரப்பர் இலையில் சக்கரம் வழுக்கியது. மேலங்கி கிழிந்தது, முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் ஆள் வந்துகொண்டே இருந்தது. பெண்கள் சாவு விழுந்த கேத வீட்டில் உட்காருவதுபோல் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மாமாதான் வழி சொன்னார்: வாயால் சொன்னால் கேட்கமாட்டான், மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்து, இனி பைக் ஓட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ண வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் கற்பூரத்தை அணைத்துச் செய்த சத்தியத்தை யாரும் மீறமாட்டார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் வெள்ளிக்கிழமை கோவிலில் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு அண்ணன் முன்னால் நின்றேன். அவருக்காக ஊரோடு சண்டை பிடித்த நானேதான். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் சொன்ன கதைகள் எனக்குள்ளும் இறங்கியிருந்தன. அண்ணன் அம்மாவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஒனக்கும் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். உள்ளங்கையை வைத்து அணைத்தார். கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு வந்த பைக்கை வீடுவரை மேட்டில் தள்ளிக்கொண்டே வந்தார். டேங்கில் இருந்த பெட்ரோலை எடுத்து அடுத்த லயத்துப் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, பைக்கை வீட்டுக்குப் பின்னால் நிறுத்திப் பொலித்தீன் போட்டு மூடினார். அம்மா அன்று சாப்பிட்டார். எல்லோருக்கும் நிம்மதி. நடந்து போனால் ஒன்றும் ஆகாது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள்.

பைக்கில் தொழிற்சாலைக்கு ரோட்டால் சுற்றிப் போவார். நடப்பவர்களுக்கு ஐந்தாம் நம்பர் மலை வழியாகக் குறுக்குப் பாதை. அங்கே பெரிய மரத்தில் குளவிக் கூடு இருந்தது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கலைத்துவிடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் முறைப்பாடும் சொல்லியாயிற்று. எட்டு மாதம் அந்த மரத்தடியால் நடந்தார். ஒரு காலை காற்றடித்துக் கிளை ஆடியது, கூடு கலைந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடித் தப்பினார்கள். அண்ணன் பாதை நடுவில், சரியாக மரத்துக்குக் கீழே இருந்தார்.

தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது பேசிக்கொண்டுதான் இருந்தார். கொழுந்து லொறி மேல்கணக்குக்குப் போயிருந்தது. த்ரீவீல் ஆட்டோவுக்கு போனில் கோல் எடுத்தோம். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு பைக் ஓட்டத் தெரியும். அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பொலித்தீனை இழுத்தார். இரண்டு டயரிலும் காற்று இல்லை, டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. அண்ணன் எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த பைக் பத்தடி தூரத்தில் நின்றது. த்ரீவீல் ஏறி வந்தது, ஆனால் மழையில் உடைந்த ரோட்டு மதகுக்கு இந்தப் பக்கம் வர முடியவில்லை. நான்கு பேர் கம்பளியில் கிடத்தி மதகுவரை தூக்கினார்கள். அரை மணித்தியாலம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.

கேத வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே, எந்த வளைவில் விழுந்தார் என்று கேட்டார்கள். இரங்கல் உரையாற்ற வெளியிலிருந்து வந்த தலைவர் ஒருவர், மோட்டார் சைக்கிள் மோகத்தால் நம் சமூகம் இழக்கும் உயிர்களைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசினார். அண்ணன் முகம் வீங்கியபடி பெட்டிக்குள் கிடக்கிறார். கூட்டம் தலையாட்டுகிறது. மாமாவும் தலையாட்டினார். குளவி என்று சொல்ல ஒருவரும் எழும்பவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நானும் எழும்பவில்லை. எழுந்தால் கற்பூரத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் இப்போது அச்சில் போடுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கம்பளியைத் தூக்கிய நால்வருக்கும், அன்று காசு வாங்க மறுத்த த்ரீவீல் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கொடகவெல கராஜ்காரருக்கும் நன்றி. சிங்களவர், அண்ணனின் நண்பர். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் தானாகவே வந்து, பைக்கைக் கழற்றி மறுபடி பூட்டி, ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டு அழுதார். பைக்கைப் பற்றி ஒருநாளும் குறை சொல்லாத ஒரே ஆள் அண்ணி. அவருக்கு நான் நன்றி சொல்ல முடியாது. மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். சாவியை என் கையில் வைத்தவரும் அவர்தான்.

"இது சும்மா கெடக்கக் கூடாது. நீ பழகு. நான் பின்னால ஏறுறேன்," என்றார்.

பழகிவிட்டேன். லைசன்சும் எடுத்துவிட்டேன். அண்ணனின் மேலங்கி எனக்குப் பெரிதுதான், அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா என்ற பேச்சும் தொடங்கியாயிற்று. அண்ணனின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை, "சரிங்க" என்று சொல்ல என்னால் முடியாது. இரண்டாவது ஹெல்மட் அதே ஆணியில்தான் இருக்கிறது. யாருக்கு ஆபத்து என்றாலும் வந்து கதவைத் தட்டுங்கள், அண்ணன் பெயரால் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். புத்தி சொல்ல வருகிறவர்கள் நடந்தே வரலாம். ஐந்தாம் நம்பர் மலையில் அந்த மரத்தில் மறுபடியும் கூடு கட்டியிருக்கிறது. பார்த்துப் போங்கள்.